நாலு கோடு

பூவாணிகுளம்
24 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஷர்மிளா எழுதுவது. இங்கே அத்தை பரவாயில்லை, நான் பாதி நலம். மீதிப் பாதி மும்பை லேபர் கேம்ப்பில் உங்களோடும் கலையோடும் இருக்கிறது. அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். நான் இங்கே வந்ததிலிருந்து போனில் முக்கியமாக எதைக் கேட்டாலும் "ஹலோ, கேக்கல, கட்டாவுது" என்று வைத்துவிடுகிறீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் மட்டும் நன்றாகக் கேட்கிறது. காகிதத்துக்கு டவர் வேண்டாம். கேள்வியை எழுதினால் பதிலையும் எழுதித்தான் ஆக வேண்டும். தாராவி கார்ப்பரேஷன் பள்ளியில் ஏழாவது வரை தமிழில் படித்தவள் நான். அது இப்போதாவது உதவட்டும்.

அத்தைக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடக்கிறார்கள். ஆனால் கட்டிலிலிருந்து தானாக எழுந்திருக்க முடியவில்லை. எழும்போதும் உட்காரும்போதும் ஓர் ஆள் அக்குளில் கைகொடுக்க வேண்டும். அந்த ஆள் இப்போது நான்.

நீங்கள் பிறந்த ஊர் பொத்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. டவர் அந்தக் கல்மலைக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள் போனில் ஒரு கோடுகூட இல்லை. குளத்துக் கரையில் மடைக்குப் பக்கத்தில் போய் நின்றால் நாலு கோடு வருகிறது. அதனால் தினமும் லேப்டாப்பையும் குடையையும் தூக்கிக்கொண்டு மடைக்கல்லில் போய் உட்காருகிறேன். மும்பை ஆஸ்பத்திரியில் எவனோ பித்தப்பையை எடுத்ததற்கு இன்சூரன்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எருமை வந்து திரையை எட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி மதினி அத்தையோடு இருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு அவர்களைக் கேட்பது?

ஜகந்நாதன் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மே முடிய இப்படி ஓட்டலாம். ஜூன் இரண்டிலிருந்து ஒன்று வீட்டில் அறுந்துபோகாத நெட் இருக்க வேண்டும், அல்லது செம்பூர் ஆபீசில் என் நாற்காலியில் நான் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நாற்காலியில் வேறு ஆள். பதினோரு வருஷ வேலை, அத்தான்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். நெட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? மே கடைசிக்குள் அம்மாவுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று தாதர் ஸ்டேஷனில் என் பையை ஏற்றும்போது சொன்னீர்களே, யார் அந்த ஆள்?

கலையை வடாபாவ் கொடுத்தே வளர்த்துவிடாதீர்கள்.

உங்கள்
ஷர்மிளா


மாட்டுங்கா லேபர் கேம்ப்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷர்மிக்கு,

கணேஷ் எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைக் கையில் வாங்கியதும் போஸ்ட்மேன் "க்யா பாய், கோர்ட் நோட்டீஸ்?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். கலை எடுத்துப் பார்த்து, "மம்மி கா ஹேண்ட்ரைட்டிங் மஸ்த் ஹை" என்றாள், உன் கையெழுத்து பிரமாதமாம். நம் மகளால் அதில் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. நான்தான் படித்துக் காட்டினேன். எருமை வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைத் திட்டும் இடங்களை நானே தாண்டிவிட்டேன்.

நெட்டைப் பற்றிக் கவலைப்படாதே, டென்ஷன் மத் லே. நேற்றே லாமிங்டன் ரோட்டில் ஷாகிர் கடைக்குப் போனேன். இப்படிப் பொத்தைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஊர்களுக்கென்றே சாமான் இருக்கிறதாம். உயரமான பைப்பின் நுனியில் டவரைப் பார்த்து ஓர் ஆன்டெனா. அதிலிருந்து வீட்டுக்குள் ஒரு வயர். வயரின் முடிவில் சிம் போட்ட ரௌட்டர். போனுக்கு எட்டாததை ஆன்டெனா எட்டிப் பிடித்துவிடும் என்கிறான். ஜுகாட் இல்லை, ஒழுங்கான கம்பெனிச் சாமான்.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். லாக்டவுனில் நான் என்ன செய்தேன்? நம் ரூமில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே தாராவித் தோல்கடை அத்தனைக்கும் ஜிஎஸ்டி கணக்கு முடிக்கவில்லையா? ஒரு சேட்டாவது என் முகத்தைப் பார்த்தானா? நெட் இருந்துவிட்டால் தாராவியும் ஒன்றுதான், பூவாணிகுளமும் ஒன்றுதான். உட்கார்ந்த இடத்தில் வேலை நடக்கும். நீ கொஞ்சம் தைரியமாக இரு.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். கால் எண்ணெயை இளஞ்சூட்டில் தேய்த்துவிடு. மற்ற விஷயத்தை மெதுவாகப் பேசுவோம்.

அன்புடன்
ஜெயகணேஷ்


பூவாணிகுளம்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்வி கேட்டேன், ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. பரீட்சையில் இதற்குப் பாஸ் மார்க் போடலாம், நான் போடவில்லை.

ஆன்டெனா வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். இங்கே எந்தக் கம்பெனி சிக்னல் பொத்தையைத் தாண்டி வருகிறது என்று தெரியாமல் வாங்கினால் அது காக்கா உட்காரத்தான் ஆகும். அதனால் ஆளுக்கொரு சிம்மாக மூன்று பேரிடம் கடன் கேட்டு வாங்கி, என் போனில் மாற்றி மாற்றிப் போட்டு, தொரட்டிக் கம்பின் நுனியில் போனைக் கட்டி மொட்டை மாடியில் நின்று தூக்கிப் பார்த்தேன். தூக்குவது, இறக்குவது, திரையைப் பார்ப்பது, மறுபடி தூக்குவது. தெருவே வேடிக்கை பார்த்தது. "பம்பாய்க்காரி வானத்துல மாங்கா பறிக்கா" என்று ஒரு கிழவர் சொன்னார். நம் இரண்டு பேர் போனில் இருக்கும் கம்பெனி சுத்த மோசம். மதினியின் சிம் மட்டும் கம்பு முழு உயரத்துக்குப் போனபோது இரண்டு கோடு காட்டியது. இன்னும் மேலே போனால் கண்டிப்பாக வரும். ஆகையால் அங்கிருந்து சிம் போட்டு அனுப்பாதீர்கள், இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். ஆன்டெனாவையும் ரௌட்டரையும் மட்டும் கூரியரில் போடுங்கள்.

கூரியரில் என்று எழுதியிருக்கிறேன். ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுகிற வேலை வேண்டாம்.

ஏன் அவசரம் என்றால், நேற்று அத்தை கோயில் திருவிழாவைப் பற்றி ஒன்று சொன்னார்கள். "சித்திர கடேசிச் செவ்வா கொடை. அதுக்கு முந்துன செவ்வா கால்நாட்டு. கோயில் வாசல்ல கால ஊனிட்டா, எட்டாங்கொடை முடியுற மட்டும் ஊருக்குள்ள வேற ஒரு கால் ஊனப்புடாதுளா. கல்யாணப் பந்தக்கால்கூட ஊன மாட்டாவ. அதுக்கு முன்னால உன் கம்ப நட்டுரு." அதாவது மே ஆறாம் தேதிக்கு முன்னால் பைப் நின்றாக வேண்டும். அதை விட்டால் கொடை கழிந்து எட்டாம் நாள், மே இருபது.

மே ஏழிலிருந்து மூன்று நாள் ஆபீசில் ஆடிட். நாள் முழுக்க லாகினில் இருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தால்தான் ஜூனுக்குப் பிறகும் வீட்டிலிருந்து செய்ய விடுவது பற்றி யோசிப்பேன் என்று ஜகந்நாதன் சார் மெயில் போட்டிருக்கிறார். மடைக்கல்லில் உட்கார்ந்து ஆடிட் முடிக்க முடியாது.

அவ்வளவு உயரப் பைப்பை மாடித் தளம் தாங்காதாம், தரையில்தான் ஊன்ற வேண்டும்; பைப் சொல்லி வைத்துவிட்டேன். குழி தோண்ட ஆளும் தயார். சாமான்தான் வர வேண்டும்.

யார் அந்த ஆள்?

உங்கள்
ஷர்மிளா


மாட்டுங்கா லேபர் கேம்ப்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷர்மிக்கு,

ஆன்டெனா, ரௌட்டர், வயர் மூன்றும் வாங்கியாகிவிட்டது. ஷாகிர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றையும் மாட்டிக் காட்டினான். கலை அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். கரைக்குப் போகும்போது பார்த்துக்கொள்.

கூரியரில் போடச் சொன்னாய். நானும் போனேன். அங்கே பையன்கள் பார்சலை வண்டிக்குள் வீசுவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆன்டெனா வளைந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது? நம் லைனில் கடைசி ரூம் சுடலைக்கண்ணன் அண்ணன் கொடைக்கு வருகிறார். இருபத்தெட்டாம் தேதி நாகர்கோவில் வண்டி. முப்பதாம் தேதி உன் கையில் இருக்கும். அம்மா ஆபரேஷனுக்கு மருந்து அனுப்பியது யார் கையில்? கலை பிறந்தபோது ஊரிலிருந்து பேறுகாலக் காயப்பொடி வந்தது யார் கையில்? நம் ஆள் கையில் போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கலைக்குப் பரீட்சை முடிந்தது. சமையலைப் பற்றிக் கேட்காதே. "பப்பா கா தால் மத் பூச்சோ" என்று பக்கத்து ரூமில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ராத்திரியில் நீ படுக்கிற பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நீ இல்லாமல் ரூம் ரூமாக இல்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் சும்மா.

அந்த ஆள் விஷயமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். முதலில் நெட் வரட்டும். நெட் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும், பார்.

அன்புடன்
ஜெயகணேஷ்


பூவாணிகுளம்
9 மே 2025

திரு. ஜெயகணேஷ் அவர்களுக்கு,

உங்கள் சுடலைக்கண்ணன் அண்ணன் முந்தாநாள் புதன்கிழமை வந்து சேர்ந்தார். வழியில் கோவில்பட்டியில் இறங்கி மாமியார் வீட்டுக்குப் போனாராம். அங்கே கிடா வெட்டினார்களாம், விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்களாம். ஆன்டெனாவைக் குழந்தையைப் போலத்தான் கொண்டுவந்தார், ஒரு கீறல் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் கால் நாட்டியாகிவிட்டது.

தோண்டி வைத்த குழியை மூடச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பிச்சைச் சித்தப்பாதானே இந்த வருஷம் கோயில் முக்கியஸ்தர்? அவரிடம் போய் நின்று கேட்டேன். "தாயீ, நா எனக்காவ இல்லைன்னு சொல்லல. சாமி கால் ஒண்ணு நிக்கும்போது ஊருக்குள்ள இன்னொரு கால் நிக்கப்புடாது. நாளைக்கு எவன் வீட்டுலயாவது ஒரு நல்லது கெட்டது நடந்தா உன் கம்பத்தத்தான் சொல்லுவானுவ" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அது அவர்கள் வழக்கம். எனக்கு முன்கூட்டியே தெரியும், உங்களுக்கும் எழுதியிருந்தேன்.

கோபம் வேறு. சாமான் வராது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்துபோனது. ஆடிட்டுக்கு என்ன வழி என்று பார்த்தேன். ஆபீஸ் மாலதிக்குப் பாளையங்கோட்டையில் அம்மா வீடு இருக்கிறது, அங்கே நெட் இருக்கிறது. மூன்று நாள் அங்கே தங்கி முடித்துவிட்டு வரலாம், அதுவரை அத்தையோடு மதினி படுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை காலையில் ஆட்டோவில் பையை ஏற்றிவிட்டேன். சித்தப்பா வந்து ஆட்டோவை நிறுத்தினார். கால்நாட்டுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாதாம்.

"நான் ஊர்க்காரி இல்லையே மாமா, பம்பாயிலிருந்து வந்தவள்தானே. வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது என்று அத்தை சொன்னார்களே" என்றேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அது கொடைக்கு வந்துட்டுப் போறவுகளுக்கும்மா. நீ இனிமே இங்கதான இருக்கப் போற. ஒன் மாப்ளதான் பங்குனி மாசமே போன் போட்டுச் சொன்னான். ‘மருமவ அங்கேயே இருந்து அம்மாவப் பாத்துக்கிடுவா, நெட்டு மட்டும் வந்துட்டாப் போதும்'னான். ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

ஆட்டோக்காரர் என் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டார். அந்த இடத்தில் நான் எப்படி நின்றேன் என்று உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

கரைக்கு ஓடிப்போய் உங்களுக்குப் போன் செய்தேன். சித்தப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஹலோ, ஹலோ, கேக்கல ஷர்மி, கட்டாவுது" என்றீர்கள். எனக்கு இங்கே நாலு கோடு இருந்தது.

அதற்குப் பிறகு அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்க மனசு வரவில்லை, ஆடிட்டில் முதல் நாள் முழுக்க நான் லாகினில் இல்லை. நேற்றும் இன்றும் கரையில் உட்கார்ந்து முடிந்த அளவு செய்தேன். ஜகந்நாதன் சாரிடமிருந்து எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறது.

யார் அந்த ஆள் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் அந்த ஆள் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. இதற்கு உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

ஷர்மிளா


மாட்டுங்கா லேபர் கேம்ப்
14 மே 2025

அன்புள்ள ஷர்மிக்கு,

"திரு." போட்டு எழுதியிருந்தாய். கலைக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னது உண்மை. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நான் சொன்னதில் என்ன தப்பு என்று கொஞ்சம் ஆறி யோசித்துப் பார். நான் ஒற்றைப் பிள்ளை. அம்மாவைக் கூலிக்கு ஆள் வைத்துப் பார்க்கிறான் என்று நாளைக்கு ஊர் பேசும். இங்கே கூட்டி வரலாம் என்றால் நம் ரூமுக்கு ஏணிப்படி, அம்மா எப்படி ஏறுவாள்? பாத்ரூமுக்கு லைனில் நிற்க வேண்டும். நீயே சொல், வேறு என்ன வழி?

நெட் வந்துவிட்டால் உன் வேலை உன் கையில் இருக்கும். அம்மாவுக்கும் ஆள் இருக்கும். இதில் யாருக்கு நஷ்டம்? கலையை வேண்டுமானால் ஜூனில் அங்கேயே நாங்குநேரியில் சேர்த்துவிடலாம். ஒன்பதாவதுதானே, தமிழைப் போகப்போகப் படித்துக்கொள்வாள். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறேன். எத்தனையோ குடும்பம் இப்படித்தானே இருக்கிறது.

நானே வரலாம் என்று நீ நினைக்கலாம். என் தொழில் அப்படிப்பட்டதில்லை ஷர்மி. கடைக்காரனுக்கு என் முகம் தெரிய வேண்டும். தினம் ஒரு முறை நைன்ட்டி ஃபீட் ரோட்டில் நடந்தால்தான் கணக்கு கைக்கு வரும்.

எட்டாம் கொடை முடிந்ததும் பைப்பை நட்டுவிடு. கோபத்தில் எந்த முடிவும் எடுக்காதே. அம்மா உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. உன்னைவிட்டால் அவளுக்கு யார்?

அன்புடன்
ஜெயகணேஷ்


பூவாணிகுளம்
21 மே 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. நீங்கள் அதை எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே நெட் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் சொல்லவில்லை. உங்கள் பதில் முதலில் காகிதத்தில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

கொடைக்கு மைக்செட் போட முகைதீன் என்று ஒருவர் வந்தார். ஊருக்குள் புதிதாகக் கால் ஊன்ற முடியாதே, குழாய் ஸ்பீக்கரை எல்லாம் எங்கே மாட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பனை மரத்தில் ஏறிக் கட்டினார். நம் வீட்டுப் பின்பக்கம் பொத்தையைப் பார்த்து ஒரு பனை நிற்கிறதே, அது உங்கள் தாத்தா காலத்திலிருந்து ஊன்றித்தான் நிற்கிறது. முகைதீன் அண்ணனிடம் கேட்டேன். "கட்டுறதுக்கு என்னம்மா, அதுதான என் தொழிலு" என்று ஏறினார். அவர் மேலே ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப, நான் கீழே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு இன்னும் கிழக்கே, கொஞ்சம் மேலே, போதும் போதும் என்று கத்தினேன். அரைத் தெரு கூடிவிட்டது. மதினி கம்பெனி சிம்தான் போட்டிருக்கிறேன். நாலு கோடும் வந்துவிட்டது. சித்தப்பா வந்து பனையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, சார்ஜாவில் இருக்கும் மகனை வீடியோவில் காட்ட முடியுமா என்று கேட்டார்.

ஆன்டெனா வயர் பனையிலிருந்து இறங்கி அத்தையின் ஜன்னல் வரைதான் எட்டுகிறது. ரௌட்டரை அங்கேதான் வைக்க முடிந்தது. உங்கள் வீட்டுச் சுவர் கோட்டைச் சுவர், அடுத்த அறைக்குப் போனால் வைஃபை படுத்துவிடுகிறது. அதனால் அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து ஆடிட்டில் விட்டதை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஜகந்நாதன் சார் சந்தோஷமாக, ஜூனுக்குப் பிறகும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று எழுதிவிட்டார்.

ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து செம்பூர் ஆபீசுக்கே வந்துவிடுகிறேன் என்று அவருக்குப் பதில் போட்டுவிட்டேன்.

நெட் இருந்துவிட்டால் தாராவியும் ஒன்றுதான், பூவாணிகுளமும் ஒன்றுதான், உட்கார்ந்த இடத்தில் வேலை நடக்கும். இது நான் சொன்னதில்லை, உங்கள் ஏப்ரல் மாதக் கடிதத்தில் இருக்கிறது. லாக்டவுன் முழுக்க ஒரு சேட்டும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்றும் அதில் இருக்கிறது. ரௌட்டருக்கு முன்னால் மகன் உட்கார்ந்தால் என்ன, மருமகள் உட்கார்ந்தால் என்ன? அதற்கு வித்தியாசம் தெரியாது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியதையும் படித்துக் காட்டினேன், ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. பிறகு சொன்னார்கள்: "மருமவ பாத்தாப் போதும்னு யாரு சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா? அவன் மூஞ்சிய நெறயாப் பாத்து எத்தன வருசம் ஆச்சு. கொடைக்கு வருவான், ரெண்டா நாளு டிக்கெட்டப் பாப்பான். வரச் சொல்லு அந்தப் பயல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போ. பிள்ளையப் பாரு" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களைத் தூக்கிவிட்ட எந்த நாளிலும் நான் முகம் சுளித்ததில்லை. என்னைக் கேட்டிருந்தால் இன்னும் ஆறு மாதம்கூட இருந்திருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்களுக்கும் கலைக்கும் இருபத்தேழாம் தேதி நாகர்கோவில் வண்டியில் தத்காலில் எடுக்கச் சொல்லி மாலதியிடம் சொல்லியிருக்கிறேன். வள்ளியூரில் இறங்குங்கள். மறுநாள் நானும் கலையும் அதே ஸ்டேஷனிலிருந்து மும்பைக்கு ஏறுகிறோம். நீங்கள் வரவில்லையென்றாலும் ஏறுவேன். மதினி மூன்று நாள்தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் அம்மாவும் உங்கள் நெட்டும் மட்டும்தான் அந்த வீட்டில் இருப்பார்கள். யார் அந்த ஆள் என்று நீங்கள் அப்போது முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய் அடுப்படி மாடத்தில் இருக்கிறது. இளஞ்சூட்டில்தான் தேய்க்க வேண்டும், உங்களுக்கே தெரியும்.

ஷர்மிளா


பூவாணிகுளம்
18 ஜூன் 2025

அன்புள்ள ஷர்மிக்கு,

நீயும் கலையும் நலமா? கலைக்குப் பள்ளி திறந்திருக்கும். புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவது என் வேலை. இந்த வருஷம் யார் போட்டார்கள்?

இங்கே அம்மா நலம். நேற்று வாக்கரோடு கோயில் வரை நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். "ஷர்மிளா இப்படிச் சட்டையப் பிடிச்சு இழுக்க மாட்டா" என்று தெருவே கேட்கச் சொன்னாள். முதல் வாரம் தூக்கிவிடத் தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலில் விழுந்தோம். இப்போது பழகிவிட்டது. வள்ளியூர் ஸ்டேஷனில் நீ மருந்து வேளையைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. ஆனால் நீ சொன்ன வேளையில் ஒன்றுகூட இதுவரை தப்பவில்லை.

கணக்கு வேலை நடக்கிறது. இரண்டு சேட் மட்டும் முணுமுணுத்தார்கள், மற்றவர்களுக்கு நான் ஊரில் இருப்பதே தெரியாது. அம்மா நாள் முழுக்கக் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னையே பார்க்கிறாள். ஒவ்வொரு கடையின் பெயரையும் கேட்கிறாள். முதல் நாளே எனக்குக் கூச்சமாகிவிட்டது. நாங்குநேரியில் போய் நீளமான வயர் ஒன்று வாங்கி வந்தேன், லேப்டாப்பை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று. பையோடு உள்ளே நுழைந்ததும் அம்மா, "எங்கல போற, இங்கனயே இரேன்" என்றாள். அந்த வயர் இன்னும் பிரிக்காமல் மாடத்தில் கிடக்கிறது.

ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது. பனை ஆடும்போது ஆன்டெனாவும் ஆடுகிறது, நெட்டும் போய்ப் போய் வருகிறது. போன வாரம் முகைதீன் வந்து இறுக்கிக் கட்டினார். இருந்தாலும் சாயங்காலத்தில் காற்று ஏறினால் நம்ப முடியாது. அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோமே. அம்மாவைக் காட்டினேன், பனையைக் காட்டினேன், நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். தீபாவளிக்கு நீயும் கலையும் இங்கே வருவீர்களா என்று கேட்டேன். நீ "ஹலோ" என்றாய். "கேக்கல" என்றாய். பிறகு திரை இருண்டுவிட்டது.

அன்றைக்குக் காற்றே இல்லை ஷர்மி. எனக்கு இங்கே நாலு கோடும் இருந்தது.

ஜெயகணேஷ்